தேவசகாயம் வரையாத எழுத்து

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு ஐஸ் கம்பெனி இருக்கிறது. அங்கே தேவசகாயம் இருபத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறார். ஐஸ் பாளத்தைக் கொக்கி போட்டு இழுத்து வந்து, இயந்திரத்தின் வாயில் தள்ளி, தூளாகி விழுவதைக் கூடையில் அள்ளிப் படகுகளுக்கு அனுப்ப வேண்டும். வெயில் காலத்திலும் அவர் விரல்கள் வெளுத்துச் சுருங்கியே இருக்கும். அவருக்கும் ஜெயமேரிக்கும் ஒரே மகள், மேரி ஷாலினி.

ஷாலினிக்குச் சின்ன வயதிலிருந்தே எழுத்தின் மேல் ஒரு கிறுக்கு. பட்டாசுப் பெட்டி, பஸ்ஸின் பின்பக்கம், கம்பத்தில் சவ்வுமிட்டாய் சுற்றி இழுத்து முறுக்கி விற்கும் மிட்டாய்க்காரனின் தகரப் பலகை என்று எங்கே குண்டு எழுத்தைக் கண்டாலும் நின்று பார்ப்பாள். கணக்கு நோட்டின் ஓரமெல்லாம் தொப்பை வைத்த ‘அ’வும் வால் நீண்ட ‘ஐ’யும்தான். பட்டப்படிப்புக்குச் சிதம்பரம் போனவள், படிப்பு முடிந்ததும் அங்கேயே கீழவீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில் டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்வாள். பக்கத்து நாற்காலியில் பரங்கிப்பேட்டை நஜியா. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஷாலினி பஸ் ஏறிக் கடலூர் வந்து, சர்ச்சில் பூசை பார்த்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்புவாள். பத்து வருஷம் இப்படிப் போயிற்று.

ஒருமுறை தேவசகாயம் மகளைப் பார்க்கச் சிதம்பரம் வந்தார். தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பரப்பி, அதற்குள் வஞ்சிரமும் சங்கராவும். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்து கடை வாசலில் நின்றார். உள்ளே கல்யாணப் பத்திரிகை பார்த்துக்கொண்டு ஒரு பெரிய வீட்டுக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஷாலினி வேகமாக எழுந்து போய், அவரைத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போய், பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏற்றி விட்டாள். திரும்பி வந்தபோது அந்த வீட்டு அம்மாள், “யாரும்மா, மீன்காரரா?” என்று கேட்டாள். ஷாலினி, “ஆமா” என்றாள். நஜியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் மீன் குழம்பு வைத்தபோதும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

கம்ப்யூட்டருக்கு எழுத்துரு வரைகிற வேலை ஒரு குல்ஃபி கடையிலிருந்து தொடங்கியது. கடைக்காரர் பழைய மிட்டாய்ப் பொட்டணத்தில் வருவது போலக் குஷியான எழுத்து வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் இருந்த எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஷாலினி கையால் வரைந்து கொடுத்தாள். அதோடு விட மனம் வரவில்லை. வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒன்றரை வருஷம் உட்கார்ந்து மொத்த எழுத்தையும் வரைந்தாள். சூடாக இழுத்து முறுக்கிய மிட்டாய் போல ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து துள்ளும். எழுத்துக்குக் கீழே, வலப்பக்கமாக, மெல்லிய இடைவெளி விட்டு ஒரு கனத்த நிழல். வரைவதை விட அந்த நிழல்தான் அவள் உயிரை வாங்கியது. ‘ழ’வின் நிழல் பக்கத்து எழுத்தின் காலுக்குள் போய் விழும். புள்ளிக்கு நிழல் வைத்தால் இரண்டு புள்ளி போலத் தெரியும், வைக்காவிட்டால் புள்ளி மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். அதற்குச் ‘சவ்வுமிட்டாய்’ என்று பெயர் வைத்தாள்.

புனேயில் இருந்த ஒரு நிறுவனம் அதைத் தன் இணையதளத்தில் விற்க ஒப்புக்கொண்டது. அங்கிருந்த பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். எங்களிடம் இருக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு கதை உண்டு, உங்கள் கதையை இருநூறு வார்த்தையில் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள்.

ஷாலினி மற்றவர்கள் எழுதியிருந்ததைப் படித்தாள். ஒருவருடைய தாத்தா அச்சகம் நடத்தினாராம். ஒருத்தியின் அம்மா கோலத்தில் பேர் பெற்றவராம். தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். முதலில் எழுதிய வரி, என் அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறார் என்பதுதான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள். பிறகு விரல் தானாக ஓடியது. என் தந்தை கடலூர்த் துறைமுகத்தில் கடைப் பலகைகளும் படகுகளின் பெயர்களும் எழுதிய ஓவியர். அவர் கைப்பட எழுதிய எழுத்துகளைப் பார்த்து வளர்ந்தேன். இந்த எழுத்துரு அவருடைய கைதான். எழுதி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நஜியா தளத்தில் அதைப் படித்துவிட்டு, “ஏன் ஷாலு, உங்கப்பா பெயிண்டரா?” என்று கேட்டாள்.

“முன்னாடி கொஞ்ச நாளு.”

“அன்னிக்கு மீன் எடுத்துட்டு வந்தாங்களே, அவுங்கதானே?”

ஷாலினி முகம் கழுவப் போனாள்.

இங்கிலீஷில் எங்கோ கிடக்கிற பக்கம், கடலூரில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் எழுத்து நன்றாக ஓடியது. சிப்ஸ் பாக்கெட்டில் வந்தது, சிறுவர் பத்திரிகையின் அட்டையில் வந்தது. பிப்ரவரியில் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு இணைப்பிலிருந்து நிருபர் போன் செய்தார். அப்பாவோடு பேச வேண்டும் என்றார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்றாள். போட்டோவாவது கொடுங்கள் என்றார். உறவுக்காரக் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட அப்பாவை மட்டும் வெட்டி அனுப்பினாள்.

அரைப் பக்கத்துக்கு வந்தது. அப்பாவின் தூரிகை மகளின் கணினியில் வாழ்கிறது என்று தலைப்பு, கீழே சவ்வுமிட்டாய் எழுத்தின் மாதிரி.

ஐஸ் கம்பெனியில் கூட வேலை செய்யும் சடையப்பன்தான் முதலில் பார்த்தார். “மாமா, நீ பெயிண்டராமே, பேப்பர்ல போட்டுருக்கான்” என்று எல்லாருக்கும் கேட்கப் படித்துக் காட்டினாராம். இதை ஜெயமேரி போனில் சொன்னாள். குரலில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா என்று ஷாலினிக்குப் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போவதற்கே கால் வரவில்லை. போனபோது தேவசகாயம் வெளித் திண்ணையில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். பேப்பர் துண்டு நான்காக மடித்துச் சட்டைப் பையில் இருந்தது.

“இந்தப் போட்டோ யார் கல்யாணத்துல எடுத்தது பாப்பா?”

“காடாம்புலியூர் சித்தி மவ கல்யாணம்பா.”

“நல்லா வந்திருக்குது” என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. சாப்பாட்டின்போது அதைப் பற்றிக் கேட்க ஜெயமேரி வாயைத் திறந்தாள். அவர், “சோத்தப் போடு” என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் பகுதிக்கு உரிய பங்குக் கோயிலில், பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தருகிற மறைக்கல்விக்காக ஒரு புதுக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மே மாதம் திறப்பு. ஃபாதர் மரிய ஜோசப் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஊர் ஆட்களை இன்னும் முழுசாகத் தெரியாது. மார்ச் கடைசி ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது, அவர் தேவசகாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு பெரிய கலைஞர் நம்ம பங்குலயே இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லலியே. பிள்ளைங்க கூடத்துக்கு நீங்கதான் போர்டு எழுதணும். இந்த எழுத்துலயே. ஃபிளெக்ஸ் வேணாம், உங்க கையால எழுதுனது வேணும்.”

சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். தேவசகாயம் மகளை ஒரு தரம் பார்த்தார். ஷாலினி முக்காடைச் சரிசெய்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரிங்க ஃபாதர்” என்றார் அவர்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள், “ஏம்பா ஒத்துகிட்டீங்க?” என்று கேட்டாள்.

“அத்தினி பேரு மத்தியில எனக்கு எழுத வராதுன்னு எப்பிடிச் சொல்றது? உன்னப் பொய்யின்னு சொன்ன மாதிரி ஆயிடாதா.”

அப்போதே திரும்பிப் போய் ஃபாதரிடம் சொல்லியிருக்கலாம். கோயில் வாசல் இருநூறு அடிகூட இல்லை. ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். அடுத்த ஞாயிறு வேலை அதிகம் என்று போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் உப்பனாற்றில் வரிசையாக நின்றுவிட்டன. ஐஸ் கம்பெனியில் வேலை இல்லை. ஷாலினி மூன்றாவது ஞாயிறு வீட்டுக்குப் போனபோது கதவு ஒருக்களித்திருந்தது. தேவசகாயம் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்தாற்போலக் குனிந்து உட்கார்ந்து, பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளின் மேல் பிரஷ்ஷால் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பேப்பர் துண்டு, ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட். சுவர் ஓரமாக ஏழெட்டு அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் போர்டின் முதல் எழுத்தான ‘கு’. ஒன்று கவிழ்ந்திருந்தது, ஒன்று வீங்கியிருந்தது, ஒன்றில் பெயிண்ட் வழிந்து கீழே ஓடியிருந்தது. கொக்கி பிடித்தே பழகிய விரல்களில் அந்த மெல்லிய பிரஷ் நிற்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுதினார்.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார். திருடும்போது பிடிபட்டவர் மாதிரி அட்டையை நகர்த்தப் போனவர், பிறகு விட்டுவிட்டார்.

“வா பாப்பா. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இந்த எழுத்துக்குக் கீழ கருப்பா வருதே, அது எந்தப் பக்கம் விழுவணும்? பேப்பர்ல சின்னதா இருக்கறதால சரியாத் தெரியல.”

ஷாலினி சுவர் ஓரத்து அட்டைகளைப் பார்த்தாள். தான் பத்து நிமிஷத்தில் தட்டிவிட்ட பொய்யை இந்த மனுஷன் மூன்று வாரமாகத் தரையில் படுத்து நிஜமாக்கப் பார்க்கிறார். கன்னம் எரிந்தது. அறைந்திருந்தால்கூட அப்படி எரிந்திருக்காது.

“வலப்பக்கம்பா” என்றாள் கடைசியில்.

“நான் இடப்பக்கம் போட்டுகினு இருக்கேன்” என்று அவர் அட்டையைப் பார்த்தார். “அதான் ஒத்து வரல.”

அப்போதும் அவள் செய்தது கோழைத்தனம்தான். மூன்று நாள் லீவு போட்டு, வீட்டின் பின்கட்டில் கதவை அடைத்துக்கொண்டு அந்தப் போர்டைத் தானே எழுதினாள். குழந்தை இயேசு சிறுவர் அரங்கம். அக்கம்பக்கத்தார் யாராவது வந்தால் ஜெயமேரி வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாள். தேவசகாயம் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ‘ழ’வின் வயிற்றுக்குள் அவள் பிரஷ்ஷைச் சுழற்றியபோது, “எப்பிடி வழியாம நிறுத்துற?” என்று மெதுவாகக் கேட்டார். மகள் எழுதுவதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் அவர் நகத்திலும் சட்டையிலும் கொஞ்சம் சிவப்புப் பெயிண்டைத் தானே தடவிக்கொண்டார்.

கூடத் திறப்பன்று ஃபாதர் மைக்கில் தேவசகாயத்தைப் பற்றிப் பேசினார். கடவுள் கொடுத்த திறமையை அடக்கத்தோடு மறைத்து வைத்தவர் என்றார். சால்வை போர்த்தினார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார். தேவசகாயம், “நன்றிங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். ஷாலினியும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடுமே என்று தட்டினாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து ஜெயமேரி போன் செய்தாள்.

“உங்கப்பா நன்மை வாங்க மாட்டேங்கறாரு.”

பூசையில் ஃபாதர் தருகிற அப்பமான நற்கருணையைத்தான் அவர்கள் வீட்டில் நன்மை என்பார்கள். கை உடைந்து கட்டுப் போட்டிருந்த காலத்திலும் தேவசகாயம் அதை விட்டதில்லை. இப்போது எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது அவர் மட்டும் உட்கார்ந்தே இருக்கிறாராம்.

“ஏன்னு கேட்டியா?”

“கேட்டேன். கோயில்ல நின்னு பொய் சொல்லிட்டு எந்த வாயால வாங்கறதுன்னாரு. அப்ப ஃபாதர்கிட்டப் பாவத்தச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்க வேண்டியதுதானேன்னேன். அதுக்கு அவரு, அங்க போனா முழுசாச் சொல்லணும், புள்ளயப் பத்திச் சொல்லணும், அது என்னால ஆவாதுன்னுட்டாரு.”

ஷாலினி மறு ஞாயிறு போய்க் கண்ணால் பார்த்தாள். பெஞ்சில் மற்றவர்கள் கடந்து போவதற்காக அவர் முழங்காலை ஒதுக்கிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் ஒவ்வொருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் எழுந்து போகவில்லை. பூசை முடிந்ததும் நேராக ஃபாதரின் அலுவலக அறைக்குப் போனாள்.

உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். இணையதளத்தில் எழுதியதிலிருந்து பின்கட்டில் கதவை அடைத்தது வரை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஃபாதர் மரிய ஜோசப் மேசை மேல் இருந்த பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

“அப்ப அந்தச் சால்வை...” என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, “நானும் விசாரிக்காமப் பேசிட்டேன்” என்றார்.

“உங்க மேல தப்பில்ல ஃபாதர். அடுத்த வாரம் பூசை முடிஞ்சதும் நான் மைக்ல சொல்லணும்.”

“எதுக்கும்மா? என்கிட்டச் சொன்னது போதும். அப்பாவ நான் பாத்துப் பேசறேன்.”

“சால்வை எல்லாருக்கும் முன்னாடி போட்டீங்களே ஃபாதர்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சரி என்றார்.

அடுத்த ஞாயிறு அறிவிப்புகளின் கடைசியில் அவள் போய் நின்றாள். எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தாள். எங்கப்பா பெயிண்டர் இல்லை, ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர், பெயிண்டர் என்று நான்தான் பொய் சொன்னேன், போர்டை எழுதியதும் நான்தான், என் பொய்க்காக அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார், எல்லாரும் மன்னிக்கணும் என்றாள். நான்கு வரிதான். முன் வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். மற்றபடி கோயிலில் பெரிய சலசலப்பு ஒன்றும் எழவில்லை.

ஏன் எழவில்லை என்பது வெளியே வந்தபோது தெரிந்தது. சால்வை போர்த்தியபோது முன்னால் உட்கார்ந்து கைதட்டிய மீன் வியாபாரி முத்தம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். மதம் வேறு என்றாலும் கோயிலில் எது என்றாலும் வந்துவிடுகிறவள்.

“நீ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா? முப்பது வருஷமா அவரு கையால ஐஸ் வாங்கறேன். பிரஷ் புடிச்ச கையி எது, கொக்கி புடிச்ச கையி எதுன்னு தெரியாதா எனக்கு?”

“அப்ப ஏன்க்கா யாரும் சொல்லல?”

“அந்த மனுசன் அன்னிக்கு மேடையில நின்ன நெலமயப் பாத்தியே. அதுக்கு மேல நாங்க என்னத்தச் சொல்றது?”

துறைமுகம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. சடையப்பனுக்குத் தெரியும், படகுக்காரர்களுக்குத் தெரியும். ஃபாதரைத் தவிர எல்லாரும் தெரிந்தே கைதட்டியிருக்கிறார்கள். மைக்கில் நின்றபோது இருந்ததை விட அந்த வாசலில் நின்றபோதுதான் ஷாலினிக்கு அதிகமாகக் கூசியது.

தேவசகாயம் அந்த வாரம் பாவசங்கீர்த்தனம் செய்தார், மறு ஞாயிறு வரிசையில் போய் நன்மை வாங்கினார். மகளை அவர் திட்டவில்லை. ஆனால் அன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, துண்டில் விரல் விரலாகத் துடைத்தபடி ஒன்று கேட்டார்.

“பாப்பா, ஒண்ணு புரியல எனக்கு. ஐஸ்காரன் மவ எழுதுனதுன்னு சொல்லியிருந்தா அந்த எழுத்த யாரும் வாங்கியிருக்க மாட்டாங்களா?”

“வாங்கியிருப்பாங்கப்பா.”

“அப்பறம் ஏன்?”

அவள் சிதம்பரம் கடை வாசலில் நடந்ததை அப்போது சொன்னாள். யாரும்மா மீன்காரரா என்று ஒரு அம்மாள் கேட்டதையும், தான் ஆமாம் என்றதையும். அவர் துண்டைக் கொடியில் போட்டு மடிப்பைச் சரிசெய்தார்.

“அன்னிக்கே தெரியும்” என்றார். “தெருமுன வரிக்கும் என் கூடவே வந்தவ, பஸ் கெளம்பறதுக்கு முன்னாடியே திரும்பிப் போயிட்டியே.” அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். ஷாலினி அன்று மாலை பஸ்ஸை விட்டுவிட்டு, மறுநாள் காலையில்தான் கிளம்பினாள். ஆனால் தங்கியும் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

நாளிதழுக்குக் கடிதம் எழுதினாள். ஒரு மாதம் கழித்து ஆறாம் பக்கத்தில் மூன்று வரித் திருத்தம் வந்தது. நஜியாவிடம் அதைக் காட்டினாள். நஜியா படித்துவிட்டு, “அன்னிக்கே கேட்டேன், நீ முகம் கழுவப் போயிட்டே” என்றாள். பிறகு இரண்டு டீ சொன்னாள்.

தளத்தில் இருக்கிற கதையை எடுத்துவிடச் சொன்னபோது புனே பெண்தான் சுலபத்தில் விடவில்லை. போன் செய்து, இதில் என்ன தவறு, அப்பாவால் உந்தப்பட்டு வரைந்தது என்று மாற்றிக்கொள்ளலாமே என்றாள். ஷாலினி மறுத்தாள். அப்படியானால் உண்மையான கதையை எழுதிக் கொடுங்கள், அது இதை விட நன்றாக இருக்கும், ஐஸ் தொழிலாளியின் மகள் என்பது மனசைத் தொடும் என்றாள் அவள். ஷாலினி ஒருநாள் உட்கார்ந்து எழுதியும் விட்டாள். கொக்கி, ஐஸ் தூள், வெளுத்த விரல்கள் என்று எல்லாம் வந்திருந்தது. படித்துப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவளைக் கலக்கியது. தெருமுனையில் பஸ் ஏற்றி அனுப்பிய மனுஷனை இப்போது எழுத்து விற்பதற்காகக் கடை வாசலில் கொண்டு வந்து நிறுத்துகிறோமோ என்று தோன்றியது.

அனுப்பவில்லை. தளத்தில் சவ்வுமிட்டாய் இன்னும் விற்கிறது. வரைந்தவர் மேரி ஷாலினி, கடலூர் என்று மட்டும் இருக்கிறது. மற்ற எழுத்துகளுக்கெல்லாம் கதை இருக்கிற இடம் அதற்கு மட்டும் காலியாக இருக்கிறது.